உலைப் பதிவேட்டின் நூற்றுப் பதினாறாம் பக்கம்

உலைக்காரம்மா ஒரு பழியைப் பதினொரு வருஷம் மனசுக்குள் வைத்திருந்தாள். ஆறிப்போகவும் விடவில்லை, பொங்கி வழியவும் விடவில்லை. உலையோடு வாழ்கிறவளுக்குச் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கச் சொல்லியா தர வேண்டும்? மன்னித்துவிட்டால் மனசு லேசாகும் என்று புத்தி சொல்ல வந்தவர்கள் உண்டு. அவர்களில் யாருக்கும் அவளுக்கு நடந்தது நடக்கவில்லை. சும்மா சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவள் வேலை படிகம் வளர்ப்பது. ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறை. நடுவில் ஆள் உயரத்துக்கு உலை. அதற்குள் பிளாட்டினத்தில் செய்த மூசை, தேநீர்க் கோப்பையைவிடக் கொஞ்சம் பெரியது. பொடிகளை எடைபோட்டுக் கலந்து அதில் கொட்டி உருக்க வேண்டும். உருகிய குழம்பின் மேல்பரப்பை மட்டும் தொடும்படி ஒரு தண்டின் நுனியில் விதைப் படிகத்தை இறக்கி, மெல்லச் சுழற்றிக்கொண்டே மேலே தூக்க வேண்டும். எவ்வளவு வேகம் என்கிறீர்கள்? ஒரு நாளைக்கு ஓர் அரிசிமணி நீளம். பதினொரு நாள் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தால் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு படிகம் கிடைக்கும். நடுவில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் உள்ளே விரிசல் விட்டுவிடும், அத்தனை உழைப்பும் குப்பைக்கு.

பொடியோடு அருமண் தனிமம் ஏதாவது துளி சேர்ப்பார்கள். ஒளிர்வதற்கு அதுதான் காரணம். யூரோப்பியம் சேர்த்த படிகத்தைப் புறஊதா விளக்கடியில் வைத்தால் சிவப்பாக எரியும். டெர்பியம் என்றால் பச்சை. விளக்கை அணைத்தால் இரண்டும் வெறும் கண்ணாடித் துண்டு, எது எது என்று பெற்றவளுக்கே தெரியாது. அதனால் அந்த அறையில் ஒரு கண்டிப்பு இருந்தது. டெர்பியம் உருக்கிய மூசையில் அடுத்து வேறொன்றை உருக்குமுன் அமிலத்தில் மூன்று தடவை கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும். இன்னொரு கண்டிப்பு, உலைப் பதிவேடு. ஒவ்வொரு நாளும் உலையில் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, மாலையில் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாத பக்கம் செல்லாது.

துறைத்தலைவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் மைக் சார் என்பார்கள். எந்தக் கூட்டத்திலும் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்குவது என்ற பழக்கமே அவருக்குக் கிடையாது. பதிவேட்டை நீட்டினால், தொலைபேசியில் பேசிக்கொண்டே பேனாவை ஓட்டிவிட்டுத் தள்ளிவிடுவார். பேனா பட்ட இடம் கையெழுத்து.

பதினொரு வருஷத்துக்கு முன் அவருக்கு அவசரமாக ஒரு யூரோப்பியப் படிகம் தேவைப்பட்டது. மூசையில் அப்போதுதான் டெர்பியம் வளர்த்து முடித்திருந்தாள். அமிலம் தீர்ந்துபோய், ஒரு தடவை கழுவத்தான் மிச்சம் இருந்தது. "ஒரு தடவை போதும், ஆரம்பி," என்றார். அவளும் ஆரம்பித்தாள்.

எட்டாம் நாள் காலை அமிலம் வந்து சேர்ந்தது. அதே காலை, பதினொன்றரை மணிக்கு, அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டான். அப்பா போய்விட்டார்.

அப்பா வீடு பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரம். அவள் மைக் சார் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், எங்க அப்பா தவறிட்டார். நான் போகணும். பக்கத்துத் துறை ஆபரேட்டர் நாளைக்கு வரைக்கும் உலையைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கை மாறினா படிகம் விரிஞ்சிடும். இன்னும் மூணே நாள். முடிச்சுட்டுப் போ."

"முகத்தையாவது ஒரு தடவை பாத்துட்டு ஓடி வந்துடறேன் சார்."

"போனவர் போயிட்டார்மா. நீ போய் என்ன பண்ணப் போறே? மீறிப் போனா, திரும்பி இங்க வர வேண்டாம்."

அவளுக்கு வேலை நிரந்தரமாகாத காலம் அது. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். அப்போது கால் முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பேசாமல் உலை முன்னால் வந்து உட்கார்ந்தாள். சூட்டைப் பார்த்தாள், சுழற்சியைப் பார்த்தாள், அழுதாள். மறுபடி சூட்டைப் பார்த்தாள். மாலையில் அன்றைய பக்கத்தை நிரப்பி, அடியில் 'குறிப்பு' என்ற இடத்தில் மூசையைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் நடந்தது நடந்தபடி எழுதினாள். மைக் சார் யாரிடமோ சிரித்துப் பேசியபடியே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அது நூற்றுப் பதினாறாம் பக்கம்.

மூன்று நாள் கழித்து அவள் போய்ச் சேர்ந்தபோது, வந்தவர்களுக்காக வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்கள். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"உனக்குக் கல்லு பெரிசாப் போச்சு. அப்பா பெரிசாத் தெரியல."

அதுதான் அவன் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. அந்த வருஷம் அவன் மகள் கல்யாணத்துக்கும் சொல்லி அனுப்பவில்லை.

அந்தக் கல் மைக் சாரை எங்கேயோ கொண்டுபோய் விட்டது. விளக்கடியில் வைத்து ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, சிவப்புக் கோடுகளுக்கு நடுவில் இருக்கக்கூடாத ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. யூரோப்பியமே பச்சை கொடுக்கிறது, இது புதிய கண்டுபிடிப்பு என்று கட்டுரை எழுதிவிட்டார். ஒரே படிகத்தை இருபத்திரண்டு வில்லைகளாக அறுத்து வெளியூர் ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பினார். அவர்களும் பார்த்தார்கள், பச்சை இருந்தது. இருக்காமல் எங்கே போகும்? டெர்பியம் கலந்த படிகத்தை எத்தனை துண்டு போட்டாலும் அத்தனையிலும் டெர்பியம்தானே இருக்கும். கட்டுரையில் மின்சாரம் கொடுத்த துறைக்குக்கூட நன்றி சொல்லியிருந்தது. வளர்த்தவள் பெயர் மட்டும் இல்லை.

அப்போதும் அவள் சும்மா இருக்கவில்லை. துறைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சார், அந்த மூசையில முன்னாடி டெர்பியம் இருந்துது. ஒரு தடவைதான் கழுவினேன். அந்தப் பச்சை..."

"ஏம்மா, சமைக்கிறவ சமைச்சா போதும். பேர் வைக்கிறது எங்க வேலை. உக்காரு."

கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சமையல்காரி என்று ஒரு பெயரும் சேர்ந்தது. காவலாளி முதல் கணக்கர்வரை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு புது மூசை வந்தது. அதில் வளர்த்த எதிலும் பச்சை வரவில்லை. மைக் சார் என்ன செய்தார்? 'வளர்ப்பவரின் கை சரியில்லை' என்று ஆண்டறிக்கையில் எழுதி, பதவி உயர்வை நிறுத்தி, அவளைப் பொருள் அறைக்குத் தள்ளிவிட்டார். படுபாவி. உலையைத் தொட்ட கையால் ஆறு வருஷம் கையுறைப் பெட்டியும் வடிதாளும் எண்ணிக் கொடுத்தாள். ஆனால் ஒன்றை அவர் யோசிக்கவில்லை. நிரம்பிய பதிவேடுகளெல்லாம் வந்து சேருகிற இடம் பொருள் அறைதான். மேலிருந்து இரண்டாம் தட்டு, இடது ஓரம், நீல அட்டை. நூற்றுப் பதினாறாம் பக்கத்தின் சாவியை அவரே அவள் கையில் கொடுத்துவிட்டார்.

"அதைக் கொண்டுபோய் மேலதிகாரி மேசையில போட வேண்டியதுதானே?" என்றார் வீட்டுக்காரர். கால் சரியாகி, மறுபடி பஸ் ஓட்ட ஆரம்பித்திருந்தார்.

"போட்டா என்ன ஆகும்? மைக் சாரைக் கூப்பிட்டு, இது என்ன சார்னு கேப்பாங்க. அவர் வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு, அவளுக்குக் கிறுக்குன்னுடுவார்."

"அப்ப என்னதான் பண்ணப் போறே?"

"அவர் அதை வாய்விட்டுப் படிக்கணும். நாலு பேர் முன்னாடி. ஒரு வரி விடாம."

"நாங்கெல்லாம் ரிடையர் ஆகும்போது எடுக்க லீவு சேத்து வைப்போம். நீ கோபத்தைச் சேத்து வெச்சிருக்கே," என்றார் அவர். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

காத்திருந்ததற்குப் பலன் பதினோராம் வருஷம் வந்தது. வெளியூர் ஆய்வகம் ஒன்று தானே படிகம் வளர்த்துப் பார்த்து, பச்சையே இல்லை என்று எழுதிவிட்டது. மைக் சார் அப்போது நிலையத்தின் இயக்குநர் நாற்காலிக்குக் கிட்டத்தட்டத் துண்டு போட்டு வைத்திருந்தார். தேர்வுக் குழு, 'புதிதாக ஒரு படிகம் வளர்த்து எங்கள் முன் காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம்' என்றது. அந்தப் படிகத்தை வளர்த்த கை உலகத்தில் ஒன்றுதான். வடிதாள் எண்ணிக்கொண்டிருந்த இடத்துக்கு அவரே நடந்து வந்தார்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. நாளையிலிருந்து உலைக்கு வந்துடு. ரெண்டு வளத்துடு, ஒண்ணு விரிஞ்சா இன்னொண்ணு இருக்கணும்."

"சரி சார்," என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணைப் பார்த்திருந்தால் அவர் பயந்திருப்பார்.

முதல் படிகத்தை அவள் வளர்த்த அழகை யாராவது பார்த்திருக்க வேண்டும். மூசையை மூன்று தடவைக்கு ஐந்து தடவை கழுவினாள். கிடைத்ததிலேயே சுத்தமான பொடியை எடுத்தாள். ஆறு வருஷம் பழக்கம் விட்ட கை என்று யாரும் சொல்ல முடியாது. பதினொரு நாளில் ஒரு கீறல், ஒரு குமிழி இல்லாமல் வந்தது. அவள் வாழ்க்கையில் வளர்த்ததிலேயே அதுதான் உசத்தி. விளக்கடியில் சிவப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

மைக் சார் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு உலை அறைக்குள் வந்தார்.

"பச்சை எங்கே?"

"இல்ல சார்."

"உன் கைதான் விளங்காத கையாச்சே. இதை யாருக்கும் காட்டாதே." படிகத்தை மேசை டிராயருக்குள் எறிந்து மூடினார். "ரெண்டாவதுல வரணும். என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. பச்சை வந்தே ஆகணும்."

அவர் போனதும் அவள் பதிவேட்டைத் திறந்து, குண்டு குண்டாக எழுதினாள்: 'முதல் படிகத்தில் பச்சை இல்லை. அதை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லித் தலைவர் டிராயரில் வைத்தார். இரண்டாவதில் என்ன செய்தாவது பச்சை வர வேண்டும் என்றார். டெர்பியம் சேர்க்காமல் பச்சை வராது. ஆகவே யூரோப்பியத்தோடு டெர்பியம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சேர்க்கிறேன்.'

மாலையில் அதை அவர் மேசையில் வைத்தாள். அவர் காதில் தொலைபேசி.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார். முக்கியமான பக்கம்."

"சமையல் குறிப்பையெல்லாம் நான் உக்காந்து படிக்கணுமா?" கையெழுத்து விழுந்தது.

அநியாயமாகக் கண்ணி வைத்துவிட்டாள் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. கண்ணெதிரே விரித்து வைத்து, படியுங்கள் என்றும் சொல்லித்தான் வைத்தாள்.

இரண்டாம் படிகம் வந்தது. சிவப்புக்கு நடுவில் பச்சைக் கோடு பளிச்சென்று நின்றது. மைக் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று ஒரு நாள் மட்டும் அவளை, "வாம்மா, உக்காரும்மா," என்றார்.

குழு வந்த அன்று காலை கூட்ட அறையில் மூன்று வெளியாட்கள். நடுவில் உட்கார்ந்திருந்தது நரைத்த தலையோடு ஒரு தேர்வாளர் அம்மா. அவர் அதிகம் பேசவில்லை. மைக் சார்தான் முக்கால் மணி நேரம் பேசினார். திரையில் பச்சைக் கோடு வந்தபோது குரலே தழுதழுத்தது. உலைக்காரம்மா கடைசி நாற்காலியில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை படிகம் வளத்தீங்க?" என்று கேட்டார் தேர்வாளர் அம்மா.

"ஒண்ணுதான் மேடம்."

"பதிவேடு வெச்சிருக்கீங்களா? வெளியூர்க்காரங்க அதைத்தான் கேக்கறாங்க."

"எங்க துறையில பதிவேட்டுல தினமும் நானே கையெழுத்துப் போடுவேன்," என்றார் மைக் சார், நெஞ்சை நிமிர்த்தி. "நான் பாக்காம ஒரு பக்கம்கூட நகராது. அம்மா, அதைக் கொடு."

உலைக்காரம்மா எழுந்தாள். பையிலிருந்து இரண்டு பதிவேடுகளை எடுத்தாள். புதியது ஒன்று, நீல அட்டை ஒன்று. இரண்டிலும் காகிதம் வைத்து அடையாளம் செய்திருந்தாள்.

தேர்வாளர் அம்மா புதியதைப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். நிமிர்ந்து மைக் சாரைப் பார்த்தார்.

"டிராயர்ல ஒரு படிகம் இருக்காமே?"

மைக் சார் எழுந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டாவதுல டெர்பியம் சேத்ததா எழுதியிருக்கு. இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான். ஆனா இது எனக்குத் தெரியாது மேடம். அவ எங்கிட்ட சொல்லவே இல்ல."

"படிச்சுட்டுப் போட்டீங்களா, படிக்காமப் போட்டீங்களா?"

எந்தப் பக்கம் ஓடுவது? படித்தேன் என்றால் ஏமாற்றுக்காரர். படிக்கவில்லை என்றால், பார்க்காமல் ஒரு பக்கம்கூட நகராது என்று இரண்டு நிமிஷத்துக்கு முன் சொன்னது பொய். மைக் சார் முதல் தடவையாக மேசைமேல் இருந்த மைக்கைத் தள்ளி வைத்தார்.

"படிக்கலை," என்றார்.

"அப்ப இந்தப் பழசையும் படிச்சிருக்க மாட்டீங்க." தேர்வாளர் அம்மா நீல அட்டையைத் திறந்து, அடையாளம் வைத்த பக்கத்தைக் கண்ணால் ஓட்டினார். கடைசியில் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். அறையின் ஓரத்தில் நின்றிருந்த உலைக்காரம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மேசைமேல் நகர்த்தி மைக் சார் முன்னால் வைத்தார். "கீழ இருக்கற குறிப்பை நீங்களே படிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

மைக் சார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அமிலம் இன்றுதான் வந்தது. மூசையில் இதற்கு முன் டெர்பியம் உருக்கப்பட்டது. தலைவர் சொன்னபடி ஒரு முறை மட்டுமே கழுவப்பட்டது. இந்தப் படிகத்தில் டெர்பியம் கலந்திருக்கும். ஒளிரவைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்கவும்."

அத்தோடு நிறுத்திப் புத்தகத்தை மூடப் பார்த்தார்.

"இன்னும் இருக்கு," என்றார் தேர்வாளர் அம்மா.

"காலை பதினொன்றரைக்கு..." நிறுத்தித் தேர்வாளர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "காலை பதினொன்றரைக்கு என் அப்பா இறந்த செய்தி வந்தது. போக அனுமதி கேட்டேன். படிகம் முடியும்வரை போகக் கூடாது என்றார் தலைவர். மாற்றாள் இருந்தும் விடவில்லை. உலையை விட்டு நகரவில்லை. சூடு சரியாக இருக்கிறது."

பதினொரு வருஷத்துக்கு முன் கூட்டத்தில் சிரித்தவர்களில் நாலைந்து பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் திடீரென்று மேசை விரிப்பில் பார்க்க ஏதோ இருந்தது. உலைக்காரம்மா ஒருத்தர் முகத்தையும் விடாமல் பார்த்தாள். நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், மிக நன்றாக இருந்தது.

இயக்குநர் நாற்காலி கையை விட்டுப் போனது. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிக் குழு அங்கேயே எழுதிக் கொடுத்தது. நூற்றுப் பதினாறாம் பக்கத்தை நகல் எடுத்து, முத்திரை வைத்து, அவளுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதைக் கவரில் போட்டு, அண்ணன் முகவரியை எழுதி, பையில் வைத்துக்கொண்டாள். உள்ளே வேறு கடிதம் எதுவும் வைக்கவில்லை.

மாலை உலை அறைக்கு மைக் சார் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அந்த மாதிரி நான் சொன்னேனா?" என்றார். "சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல."

நடிப்பில்லை. உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. ஒருத்தி பதினொரு வருஷம் சுமந்தது அந்த மனுஷர் மண்டையில் பதினொரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. கொஞ்சநஞ்சம் இளகி இருந்த மனசும் அவளுக்கு அந்த நிமிஷம் இறுகிவிட்டது.

"அதுக்குத்தான் சார் எழுதி வெச்சேன்," என்றாள்.

அவர் திரும்பி நடக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. அன்றைய பக்கத்தை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"இன்னைக்குக் கையெழுத்து இன்னும் போடல சார்."

மைக் சார் பேனாவை வாங்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். அவள் அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே நின்றாள்.